நீலாம்பரி கேட்டால் தூக்கம் வருமா? முதலில் காபியை நிறுத்துங்கள்

மார்கழி நெருங்கினால் போதும், எந்த ராகம் எந்த நோய்க்கு மருந்து என்று சொல்லும் அந்தப் பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆனந்தபைரவி கேட்டால் ரத்த அழுத்தம் இறங்கும், நீலாம்பரி கேட்டால் தூக்கம் வரும், இன்ன ராகம் சர்க்கரைக்கு, இன்ன ராகம் மூட்டுவலிக்கு. பார்க்க மருந்துச் சீட்டு மாதிரியே இருக்கும், அளவு மட்டும் இருக்காது. எத்தனை நிமிடம், எந்தக் கட்டையில் (சுருதியில்), எந்தக் காலப்பிரமாணத்தில் (வேகத்தில்), சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா? கடைசி வரியில் அமிர்தவர்ஷிணி பாடினால் மழை என்று இருக்கும். அதைச் சோதித்துப் பார்க்க சென்னையில் நவம்பரைவிடத் தோதான மாதம் கிடையாது. வடகிழக்குப் பருவமழை பாதி வேலையை முடித்து வைத்திருக்கும்.

இந்த மழைக் கணக்கில் உள்ள ஓட்டைதான் இசை ஆய்வேடுகள் பலவற்றிலும் இருக்கிறது. எப்படியும் நடக்க இருந்ததை ராகத்தின் பேரில் எழுதிக்கொள்கிறோம். பாட்டும் ஆட்டமும் மனிதர்களை அசைக்கின்றன, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்த அசைவு ராகத்தின் பெயருக்குள் உட்கார்ந்திருப்பதாக நான் நம்பவில்லை. வேகம், சத்தம், கேட்பவருக்கும் அந்த ஓசைக்கும் உள்ள பழைய உறவு, எங்கே யாரோடு உட்கார்ந்து கேட்கிறார் என்பது எல்லாம் சேர்ந்த சமாசாரம் அது. இவற்றை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் அளப்பது, பெருங்காயத்தை மட்டும் எடைபோட்டுவிட்டு சாம்பாரின் ருசிக்குக் காரணம் எழுதுவதைப் போன்றது.

மாணவர் ஆய்வு வழக்கமாக இப்படி நடக்கும். 30 பேரை வரச்சொல்வது, பிபி பார்ப்பது, 20 நிமிடம் வீணை போடுவது, மறுபடி பிபி பார்ப்பது. மேல் எண் ஏழெட்டுப் புள்ளி இறங்கியிருக்கும். உடனே முடிவுரை எழுதியாயிற்று. வந்தவரோ வெயிலில் பஸ் பிடித்து, மூன்று மாடி ஏறி, வாசலில் ஒரு ஃபில்டர் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தவர். வீணையே இல்லாமல் ஃபேனுக்கு அடியில் 20 நிமிடம் சும்மா இருந்திருந்தாலும் அவருக்கு இறங்கியிருக்கும். பிபியின் முதல் அளவு பெரும்பாலும் கூடுதலாகத்தான் காட்டும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, கால்மேல் கால் போடாமல், பேசாமல் 5 நிமிடம் உட்கார வேண்டும். பட்டை கட்டிய கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். 1 நிமிட இடைவெளியில் மூன்று முறை பார்த்து, முதலாவதைத் தள்ளிவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எடுங்கள். இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. பிபி கூடுதலாக உள்ளவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், இரண்டாம் முறை அளக்கும்போது அவர்களில் பலருக்குத் தானாகவே சராசரிப் பக்கம் நகர்ந்திருக்கும். ஆகவே ஒன்றுமே கேட்காமல் அதே 20 நிமிடம் அதே அறையில் உட்காரும் ஒரு மௌனக் குழு கட்டாயம் வேண்டும். அது இல்லாத ஆய்வை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

சரி, நீலாம்பரியை நிஜமாகவே சோதிப்பது எப்படி? ஒப்பிட இன்னொரு ராகம் வேண்டும். கல்யாணியையோ கதனகுதூகலத்தையோ எடுத்தால் ஸ்வரமோ நடையோ கூடவே மாறிப்போகும். 29ஆவது மேளமான (தாய் ராகமான) சங்கராபரணத்தில் பிறந்தது நீலாம்பரி. எனவே தாயையே பக்கத்தில் நிறுத்துங்கள். ஸ்வரங்கள் ஏறக்குறைய அவையேதான். மாறுவது வரிசையாக ஏறி இறங்காமல் வளைந்து செல்லும் வக்கிரமான போக்கும், காந்தாரத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே தொட்டில் போல ஆடும் பிடிகளும் (ராகத்தை அடையாளம் காட்டும் ஸ்வரக் கோவைகளும்), தாயிடம் இல்லாமல் இடையில் எட்டிப்பார்க்கும் கைசிகி நிஷாதம் என்ற ஸ்வரமும்தான். தூக்கம் ராகத்தில் இருக்கிறதென்றால் அது அந்தப் பிடிகளில்தான் இருந்தாக வேண்டும்.

ஒரே பாடகர் பாட வேண்டும். பெண் குரல் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் நிற்கும், ஆண் குரல் ஒன்று, ஒன்றரையில் நிற்கும். நீலாம்பரியை ஒருவரும் சங்கராபரணத்தை மற்றவரும் பாடினால் நீங்கள் சோதித்தது குரலை. சாகித்யம் (பாடல் வரி) கூடாது. தாலாட்டு வரி காதில் விழுந்தால் ராகத்துக்கு வேலையே இல்லை. அதனால் சொல்லும் தாளமும் இல்லாத ஆலாபனை மட்டும், 5 நிமிடம், அதே ஸ்ருதிப் பெட்டி, அதே மைக், அதே தூரம். இதில் ஒவ்வொரு ராகத்தையும் இரண்டு விதமாகப் பாடச் சொல்லுங்கள்: நின்று நிதானமாக ஒரு முறை, பிருகாக்களோடு (வேகமான ஸ்வர உருட்டல்களோடு) விறுவிறுவென்று ஒரு முறை. மொத்தம் நான்கு பதிவு. நீலாம்பரியை வேகமாகப் பாடச் சொன்னால் பாடகர் முகம் சுளிப்பார், அது நீலாம்பரியே இல்லை என்பார். அவர் சொல்வது நியாயம்தான். நாம் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுவே: ராகமா, அந்த ராகத்தை மெதுவாகப் பாடும் பழக்கமா?

நான்கையும் ஒரே சத்த அளவில் ஒலிக்க விடுங்கள். போனில் உள்ள டெசிபல் செயலி துல்லியமானதல்ல, ஆனால் ஒரே போனை ஒரே நாற்காலியில் வைத்து ஒப்பிட அது போதும். யாருக்கு எது முதலில் என்பதைப் பூவா தலையா போட்டு முடிவு செய்யுங்கள். ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு பதிவுதான், அதுவும் தினமும் அதே நேரத்தில். சாப்பிட்டுவிட்டு மதியம் இரண்டரைக்கு வந்தவருக்கு எந்த ராகமும் நீலாம்பரிதான். ஒப்புதல் படிவத்தில் ‘நீலாம்பரியால் மன அமைதி’ என்று தலைப்புப் போட்டுவிட்டுச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதில் விடையையே கையில் எழுதிக் கொடுத்துவிடலாம். கேட்டு முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி: “இது என்ன ராகம் என்று தெரியுமா?” தெரிந்தவர்களைத் தனிப் பட்டியலில் போடுங்கள். ஐம்பது வருஷம் சபாவில் உட்கார்ந்த ரசிகருக்கு அந்தப் பெயரே கொட்டாவியைக் கொண்டுவரும். நாடி, மூச்சு, பிபியின் இரண்டு எண், மனநிலைக் கேள்விகள் என்று 20 அளவுகளை ஒப்பிட்டால், தற்செயலுக்குப் புள்ளியியலில் விடும் வழக்கமான 5 சதவீத வரம்பில் ஒன்று தற்செயலாகவே தேறிவிடும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு கட்டுரை எழுதாமல் இருக்க, எதை அளக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

வேகம்தான் ஜெயிக்கும் என்பது என் பந்தயம். 2006இல் இத்தாலிய மருத்துவ ஆய்வாளர் பெர்னார்டியின் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இசைக் கலைஞர்கள் 12 பேர், மற்றவர்கள் 12 பேர். நம் நாட்டு ராக இசை ஒன்று உட்பட ஆறு வகை இசையைக் கேட்க வைத்தார்கள். மூச்சும் நாடியும் ரத்த அழுத்தமும் இசையின் வகையைவிட வேகத்தைத்தான் பின்தொடர்ந்தன. வேகம் கூடினால் கூடின. நடுவே 2 நிமிட மௌனம் ஒன்றை நுழைத்திருந்தார்கள். அதில்தான் எல்லாம் நன்றாக அடங்கி, தொடக்க நிலைக்கும் கீழே போயின. ஓய்வு தந்தது பாட்டு நின்ற இடம். நம் பட்டியல்காரர்கள் யாரும் மௌனத்தை எந்த நோய்க்கும் எழுதித் தரவில்லை.

மொஸார்ட் கதையும் இதே ரகம். 1993இல் கல்லூரி மாணவர்கள் 36 பேர் 10 நிமிடம் மொஸார்ட் கேட்டு, ஒரு வகை வடிவக் கணக்குகளில் கொஞ்சம் கூடுதலாகத் தேறினார்கள். பலன் கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை. அதற்குள் ‘மொஸார்ட் கேட்டால் குழந்தை மேதை’ என்று உலகம் கிளம்பிவிட்டது. 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்கலாம் என்றார். 1999இல் மொஸார்ட்டையும் வாசித்துக் காட்டிய கதை ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கதை பிடித்தவர்கள் கதைக்குப் பிறகு நன்றாகச் செய்தார்கள். பிடித்ததைக் கேட்டால் மனம் விழிக்கிறது, அவ்வளவுதான். நம் ஊரில் இளையராஜாவை வைத்துச் செய்தாலும் அதேதான் வரும் என்று நினைக்கிறேன், சண்டைக்கு வராதீர்கள்.

சபாவை விட்டு வெளியே வந்தால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. ஆடி மாதம் வடசென்னை அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் நாள். காப்பு கட்டியவர்கள் நிற்கிறார்கள், பம்பை முழங்குகிறது, வர்ணிப்புப் பாட்டு ஏறுகிறது. உடுக்கையின் நடுக்கயிற்றை அழுத்த அழுத்தச் சுருதி ஏறி இறங்குகிறது. ஒரு பெண்ணுக்குச் சாமி வந்துவிட்டது. “அந்தத் தாளம் மூளையைத் தாக்குகிறது” என்று உடனே விளக்கம் சொல்லிவிடலாம், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் எல்லோரையும்விட அந்தச் சத்தத்துக்கு மிக அருகில், மிக நீண்ட நேரம் நிற்பவர் பம்பைக்காரர். அவருக்குச் சாமி வருவதில்லை. வந்தால் யார் அடிப்பது? பக்கத்தில் சோடா விற்பவருக்கும் வருவதில்லை. அதே பம்பையைக் கல்லூரி விழாவில் அடித்தால் பையன்கள் கைதட்டுகிறார்கள். இந்த இடத்தை பிரெஞ்சு இசை ஆய்வாளர் கில்பர் ருஜே எப்போதோ சரியாகப் பிடித்துவிட்டார்: மேளத்தின் ஒலி மட்டுமே மனிதரை அந்த நிலைக்குத் தள்ளுவதில்லை, நம்பிக்கையும் சடங்கும் சொல்லிக்கொடுத்த பாதையில் அது கூட்டிக்கொண்டு போகிறது.

ஆகவே களத்தில் தாளத்தை மட்டும் பதிவு செய்து வந்தால் பயனில்லை. யார் காப்பு கட்டியிருந்தார், என்ன விரதம், யார் கூடவே நின்று பிடித்துக்கொண்டார், பம்பையின் எந்த அடியில், பாட்டின் எந்த வரியில் சாமி வந்தது, மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் எப்போது வந்தன, சாமி மலையேறிய பிறகு அவர் என்ன கேட்டார், இவற்றையெல்லாம் நேரம் போட்டு எழுத வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் ரெக்கார்டரோடு, ஒருவர் நோட்டோடு. போனில் பதிவு செய்யாதீர்கள். சத்தம் ஏறினால் அது தானாகவே ஒலியைக் குறைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து கேட்டால் பம்பையும் பேச்சும் ஒரே உயரத்தில் இருக்கும். தனி ரெக்கார்டரில் தானியங்கிக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு, மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று, உச்ச அடி ரெக்கார்டர் திரையில் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி வையுங்கள்.

பறையைப் பதிவு செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. மூன்று துண்டு மரத்தை இணைத்த வளையம், அதில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய தோல். கடல்காற்றின் ஈரத்தில் தோல் தளரும், தீயில் காட்டினால் இறுகும். காய்ச்சிய உடனே எடுத்த பதிவும் ஒரு மணி நேரம் கழித்து எடுத்த பதிவும் ஒரே சுருதியில் இருக்காது. எப்போது காய்ச்சினார்கள் என்று குறித்துக்கொள்ளாவிட்டால், ‘துக்க அடிக்குத் தாழ்ந்த சுருதி’ என்று ஒரு கண்டுபிடிப்பு பிறந்துவிடும்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. பறை கேட்டால் நாடி ஏறுகிறது, உற்சாகம் வருகிறது என்று எழுதிவிட்டுப் போவது. இழவு வீட்டில் அடித்தே ஆக வேண்டும் என்று ஊர் கட்டாயப்படுத்திய கருவி அது. அந்தக் கட்டாயத்தைத் தாத்தா காலத்தில் அனுபவித்த குடும்பத்துப் பையனுக்கும், சனிக்கிழமைப் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்ட ஐடி ஊழியருக்கும் அதே அடி ஒரே விளைவைத் தராது. ஒருவருக்கு நிமிர்வு, இன்னொருவருக்குப் பொழுதுபோக்கு. இனி தொடமாட்டேன் என்று ஒதுக்கியவரும் உண்டு, அவருடைய நியாயமும் விளைவுதான். கேள்வித்தாளில் இதற்கு இடம் வைக்காமல் மனநிலையை ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடச் சொன்னால் வருவது வெறும் எண். சாவு வீட்டுக் கானாவுக்கும் இது பொருந்தும். அங்கே அனுமதி கேட்க வேண்டியது பாடகரிடம் மட்டுமல்ல, வீட்டுக்காரரிடமும்தான், அதுவும் காரியம் முடிந்த பிறகு இன்னொரு முறை. பாடியவருக்கு உரிய பணத்தைக் கொடுத்துவிடுங்கள். உதவித்தொகையில் ஹார்ட் டிஸ்க்குக்கு இடம் இருக்கிறது, கலைஞருக்கு இல்லையென்றால் அது திட்டமிட்டவரின் பிழை.

நடனத்தின் பக்கம் சுருக்கமாக. ‘பரதம் கற்றால் கணக்கு வரும்’ என்று சொல்லும் ஆய்வுகளில் முதலில் பாருங்கள், யாரோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று. அரங்கேற்றத்துக்கு லட்சங்களில் செலவழிக்கக்கூடிய வீட்டுப் பிள்ளையை, எந்த வகுப்புக்கும் போகாத பிள்ளையோடு ஒப்பிட்டால் தெரிவது வீட்டு வருமானம். ஏறக்குறைய அதே கட்டணம் உள்ள செஸ், கராத்தே வகுப்புப் பிள்ளைகளோடு ஒப்பிடுங்கள். கூட்டு ஆட்டத்துக்கு நல்ல சான்று இருக்கிறது. 2015இல் பிரேசில் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில், சேர்ந்து ஒரே அசைவாக ஆடுவதும், உடல் வியர்க்க ஆடுவதும் தனித்தனியாகவே வலி தாங்கும் அளவைக் கூட்டின. வலியை அளந்தது பிபி பட்டையை இறுக்கித்தான். கும்மிக்கும் ஒயிலாட்டத்துக்கும் இதை இங்கேயே செய்து பார்க்கலாம். கருவி கையில் இருக்கிறது.

ஆனால் பரதத்தில் முழங்காலை மடக்கித் தொடையை வெளிப்பக்கம் திருப்பி நிற்கும் அரைமண்டியின் மறுபக்கத்தையும் யாராவது எழுத வேண்டும். தொடை திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டிலிருந்து. இடுப்பு திரும்பாத பிள்ளை பாதத்தை மட்டும் திருப்பினால் முறுக்கு முழுக்க முழங்காலில் விழும். கீழே மொசைக் தரை, வெறுங்கால், மூன்று வேகத்திலும் தட்டடவு (தரையில் பாதத்தைத் தட்டும் அடவு). மர மேடை அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மாடிப் போர்ஷனின் சிமெண்ட் தரை வாங்காது.

காதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டால் குணமாகும் நோய்க்குப் பட்டியல் போடுகிறோம், மேளத்தால் மந்தமாகும் காதுக்குப் போடுவதில்லை. பணியிடச் சத்தத்துக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 100இல் கால் மணி. மூடிய கல்யாண மண்டபத்தில் தவிலுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு டெசிபல் மீட்டரை வைத்துப் பாருங்கள். தவில்காரருக்குச் செவிச் சோதனை செய்வதென்றால் கச்சேரி முடிந்த கையோடு செய்யாதீர்கள், தற்காலிக மந்தமும் கணக்கில் ஏறிவிடும். 14 மணி நேரமாவது மேளம் அருகில் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். முகூர்த்தங்கள் இல்லாத ஆடியிலோ மார்கழியிலோ, கோயிலில் வாசிக்கும் முறை இல்லாத நாளாகக் கேட்டு, காலையில் முதல் ஆளாக அழைத்துப் போங்கள்.