நிலவில் வீடென்றால் மண்ணுக்குள்தான்

நிலவில் குடியேற்றம் என்று எந்தச் செய்தி வந்தாலும் கூடவே ஒரு கண்ணாடிக் குமிழ்ப் படமும் வந்துவிடும். என்னிடம் பௌதிகவியல் படிக்கிற உயர்தரப் பிள்ளைகளும் அதையேதான் கீறுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அங்கே ஆள் தங்குவதென்றால் மண்ணால் மூடிக்கொண்டுதான் தங்கவேண்டும்.

நிலவின் மத்திய கோட்டை அண்டிப் பகலில் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ், இரவில் மறை 130 (-130). எங்கள் கணக்கில் பகல் இரண்டு கிழமை, இரவு இரண்டு கிழமை. காற்றில்லை, ஆகவே காற்று அசைந்து சூட்டைக் கொண்டுபோகிற மேற்காவுகையும் இல்லை. உள்ளே சேருகிற சூட்டை வானத்துக்கு விடக் கதிர்வீசல் ஒன்றுதான் வழி. சர்வதேச விண்வெளி நிலையத்தில் அமோனியாவை ஓடவிட்டு வெப்பவீசித் தட்டுகளுக்குச் சூட்டைக் கொண்டுபோகிறார்கள். 2010 ஜூலைக் கடைசியில் ஒரு பம்பி நின்று, குளிரூட்டலில் பாதி போய்விட்டது. மாற்றுப் பம்பி கைவசம் இருந்தும், மூன்று தடவை வெளியே இறங்கித்தான் சரிசெய்தார்கள். பம்பி நின்றாலும் ஆள் தாக்குப்பிடிக்கிற வீடல்லவா வேண்டும்?

அமெரிக்காவின் விண்வெளி நிலையமான ஸ்கைலாப் 1973 மே 14 ஏவப்பட்டபோதே அதன் வெளிக்கவசம் பிய்ந்துபோனது. உள்ளே 50 பாகை தாண்டியது. பின்னால் போன மூவரும் ஒரு சின்னத் துவாரத்தால் குடைபோன்ற துணியைத் தள்ளி வெளியே விரித்தார்கள். சூடு இறங்கியது, 28 நாள் பறப்பையும் முடித்தார்கள். கரண்ட் தின்னாத ஒரு நிழல்! பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

நிலவு மண் அந்தத் துணியைவிடப் பெரிய மறைப்பு. அப்பலோ 15, 17 குழுக்கள் துளையிட்டு இறக்கிய வெப்பமானிகளில், ஒரு மீற்றர் ஆழத்தில் பகலிரவு வித்தியாசமே தெரியவில்லை. மறை 20 பாகையை ஒட்டியே நின்றது. ஒரே நிலையில் நிற்கிற குளிரைச் சமாளிக்கலாம், 250 பாகை ஏறி இறங்குவதைச் சமாளிப்பதுதான் கொலைவேலை. விண்வெளியிலிருந்து வரும் கதிர்ப்புக்கும் சின்ன விண்கற்களுக்கும் அதே மண்தான் காப்பு.

எங்கட சனத்துக்கு இதைப் பெரிதாக விளங்கப்படுத்தத் தேவையில்லை. பனங்குற்றி அடுக்கி, உரப்பையில் மண் நிரப்பி மேலே போட்ட பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) சித்திரை வெயிலிலும் உள்ளங்காலில் குளிர் ஏறும். ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலி, நிலவு மண்ணாலேயே அங்கே வீடு கட்டலாம் என்று 1984இல் நாசாவின் கருத்தரங்கில் எடுத்துச் சொன்னார். மண்மூட்டை அடுக்கிக் கட்டும் முறையால் பிறகு பெயர் பெற்றவரும் அவர்தான்.

மண்ணுக்குள் போனால் எல்லாம் முடிந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த மண் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. மனிதரும் இயந்திரமும் விடுகிற சூடு உள்ளேயே தேங்கும், அதனால் வெப்பவீசி வெளியேதான் நிற்கவேண்டும். வெளியே நின்றால் தூசி படியும். அப்பலோ ஊர்தியின் பற்றரிகள் தூசி மூடிச் சூடேறியது பழைய கதை, தூசித் தொல்லை இன்னும் தீரவில்லை. ஆராய்ச்சிக் காசு முதலில் அங்கே போகட்டும்.