நாற்காலி முதலில், ஆள் பிறகு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மா ஒரு வீடியோவைத் தட்டிவிட்டிருந்தார். வெள்ளை அங்கி, நீளத் தலைமுடி, பின்னால் பனி மூடிய காடு. இயேசுவே மறுபடி பிறந்து ரஷ்யாவுக்கு வந்திருக்கிறாராம். கீழே பெரியம்மாவின் குரல்: "நம்ம சாமியா இல்லாட்டி என்னடா, முகத்துல என்ன தேஜஸ் பாரு."

ஆளை எனக்குத் தெரியும். செர்கேய் தோரப். சைபீரியாவில் மினுசின்ஸ்க் ஊரில் போக்குவரத்துப் போலீஸாக இருந்தவர். சோவியத் யூனியன் ஆட்டம் கண்ட நேரத்தில் வேலை போனது. 'விசாரியோன்' என்று பெயர் வைத்துக்கொண்டு, திரும்பி வந்த கிறிஸ்து நான்தான் என்றார். ஆயிரக்கணக்கானவர்கள் வீடு வாசலை விட்டுவிட்டு அவர் பின்னால் காட்டோரம் குடியேறினார்கள். 2020 செப்டம்பரில் ஹெலிகாப்டரில் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். 2025இல் 12 ஆண்டு சிறை. பெரியம்மாவுக்கு வந்து சேர்ந்தது பழைய வீடியோ.

இதைக் குழுவில் எழுதினேன். உடனே சிரிப்புப் பொம்மைகள், "ஃப்ராடு", "பைத்தியம்", "மக்களை ஏமாத்துறானுங்க". எனக்கு அங்கேதான் இடித்தது. "நான்தான் கடவுள்" என்று எவன் வேண்டுமானாலும் சொல்லலாம். யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் அவன் பாட்டுக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அவனை பெஞ்சிலிருந்து எழுப்பி மேடையில் ஏற்றுவது யார்? அவனைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, ஏற்றியவர்களை 'பாவம் ஏமாந்தவர்கள்' கணக்கில் நாம் விட்டுவிடுகிறோம்.

இதற்கு சைபீரியா வரை போக வேண்டாம், அடையாறு போதும்.

1909ஆம் வருடம். அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டி, எல்லா மதங்களுக்கும் சாரம் ஒன்றே என்று சொன்ன தியசாபிகல் சொசைட்டியின் வளாகம். அங்கே வேலை பார்க்க வந்த ஓய்வுபெற்ற தாசில்தார் நாராயணய்யாவின் குடும்பம் காம்பவுண்டுக்கு வெளியே ஓர் ஓட்டை வீட்டில். அவருடைய மகன்களில் ஒருவன் கிருஷ்ணமூர்த்தி, பின்னாளில் தத்துவவாதி ஜே. கிருஷ்ணமூர்த்தி. அப்போது பதின்மூன்று பதினாலு வயது. எலும்பும் தோலுமாக, ஓயாத இருமலோடு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் 'மக்கு' என்று வராந்தாவில் நிறுத்திவிட்டு, நிறுத்தியதையே மறந்துபோவாராம். தம்பி நித்யா வந்து கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போவான். சாயங்காலம் கடலில் குளிக்கப் போன, சொசைட்டியின் முக்கியப் புள்ளி சார்லஸ் லெட்பீட்டர் இந்தப் பையனைக் கரையில் பார்த்துவிட்டு, இவனைச் சுற்றியிருக்கும் ஒளியில் துளிகூடச் சுயநலம் இல்லை, இவனுக்குள்தான் 'உலக ஆசான்' இறங்கப்போகிறார் என்றார். கிறிஸ்துவும் அவர்தான், பௌத்தர்கள் எதிர்பார்க்கும் மைத்ரேயரும் அவர்தான். பெரியம்மா பார்த்த அதே தேஜஸ்.

இதில் ஒரு சங்கதியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த இடத்துக்கு லெட்பீட்டர் ஏற்கெனவே அமெரிக்காவில் ஒரு பையனைப் பார்த்து வைத்திருந்தார். ஹ்யூபர்ட் வான் ஹூக். அவன் அம்மாவோடு கப்பலேறி 1909 கடைசியில் அடையாறு வந்து இறங்கியபோது, இங்கே வேலைக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது.

பதவி முதலில் உருவாகிவிட்டது, ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. சொசைட்டித் தலைவர் அன்னி பெசன்ட் பையன்களின் பாதுகாவலரானார். 1911இல் ஆசானை வரவேற்க 'கிழக்கின் விண்மீன்' அமைப்பு. அப்பா வழக்குப் போட்டார். என் பிள்ளையைக் கடவுள் ஆக்குகிறார்கள் என்பது அவர் புகார்களில் ஒன்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்து, அன்றைய கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். சிட்னியில் பால்மோரல் கடற்கரையில் கடலைப் பார்த்தபடி கான்கிரீட்டில் ஒரு பெரிய அரங்கமே எழுப்பினார்கள், 1924 வாக்கில். ஆசான் தண்ணீர்மேல் நடந்து வருவதைப் பார்க்கத்தான் இந்தப் படிக்கட்டு என்று ஊரே பேசியது. காசு கொடுத்து இருக்கை பிடித்தவர்கள் இருந்தார்கள். (அந்த அரங்கத்தை 1951இல் இடித்துவிட்டு அடுக்குமாடி வீடு கட்டினார்கள். நம்மூர் ஆசாமிகளாக இருந்தால் அதற்கும் 'மைத்ரேயா அபார்ட்மெண்ட்ஸ்' என்று பெயர் வைத்திருப்பார்கள்.)

1925 ஆகஸ்டில் ஹாலந்தில் சீடர்கள் பட்டியலே வெளியானது. அதில் இருபத்தொரு வயது ருக்மிணி அருண்டேலும் ஒருவர், பின்னாளில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியவர். கர்த்தர் வருவதற்குள் அப்போஸ்தலர் நியமனம் முடிந்துவிட்டது. அதே நவம்பரில், இந்தப் பணிக்கு அவசியமானவன், அவனுக்கு எதுவும் ஆகாது என்று எல்லோரும் உறுதி சொன்ன தம்பி நித்யா கலிஃபோர்னியாவில் காசநோயில் இறந்துபோனான். கிருஷ்ணமூர்த்தி அப்போது இந்தியாவுக்கு வரும் கப்பலில். டிசம்பர் 28, அடையாறு ஆலமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தவர், "அவர் வருகிறார்" என்று தொடங்கி, நடுவில் "நான் வருகிறேன்" என்றார். அந்த ஒரு சொல் மாறியதற்கே கூட்டம் சிலிர்த்துப்போனது. பேசியவர் தம்பியைப் பறிகொடுத்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. கூட்டத்தில் எத்தனை பேருக்கு அது ஞாபகம் இருந்திருக்கும்?

1929 ஆகஸ்ட் 3, ஹாலந்தின் ஓமன். சுமார் 3000 பேர் முன்னால், 81 வயது பெசன்ட் அம்மையாரும் உட்கார்ந்திருக்க, அமைப்பைக் கலைத்தார். உண்மைக்குப் பாதை கிடையாது, எனக்குச் சீடர்கள் வேண்டாம் என்றார். அமைப்புக்கு நன்கொடையாக வந்திருந்த கோட்டையையும் நிலத்தையும் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்தார். அந்தப் பேச்சில் எனக்குப் பிடித்தது வேறு ஓர் இடம்: நீங்கள் வேண்டுமானால் வேறு அமைப்பு தொடங்கிக்கொள்ளலாம், வேறு யாரையாவது எதிர்பார்க்கலாம் என்கிறார். கூட்டத்தை அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அவர்மேலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. "நான் அவர் இல்லை" என்று அவர் கடைசிவரை பளிச்சென்று சொல்லவில்லை. நாற்காலியை உடைத்தார், ஆனால் 1986 ஜனவரிவரை மேடையில் உட்கார்ந்துதான் பேசினார். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

இதற்கு நேர் எதிரான கதை ஸபத்தாய் ஸெவியுடையது. துருக்கியின் இஸ்மிர் ஊர் யூதர். 1648இலேயே நான்தான் மெசியா, யூதர்கள் காத்திருக்கும் மீட்பர், என்று சொல்லிப் பார்த்தார், ஒருவரும் மதிக்கவில்லை. 1665இல் மனக்குழப்பம் தீர காஸாவில் நேதன் என்ற இளைஞரிடம் மருந்து கேட்டுப் போனார். அவரோ, உமக்கு நோயே இல்லை, நீர் மெசியாதான் என்றார். அவ்வளவுதான், ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க் வரை பற்றிக்கொண்டது. பதினேழு வருடம் தானே சொன்னபோது எடுபடாதது, இன்னொருத்தர் சொன்னதும் எடுபட்டது!

ஜெர்மனியில் ஒரு வணிகக் குடும்பத்து மருமகள் எழுதி வைத்திருக்கிறாள். எருசலேம் பயணத்துக்கு என்று மாமனார் இரண்டு பெரிய பீப்பாய்களை அவள் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். பட்டாணி, பீன்ஸ், உப்புக்கண்டம், துணிமணி. மெசியாவின் அழைப்பு வந்தால் ஏற்ற வேண்டியதுதான். இதற்கிடையில் 1666 செப்டம்பரில் சுல்தான் முன்னால் ஸபத்தாய் இஸ்லாத்துக்கு மாறிவிட்டார். பீப்பாய் அசையவில்லை. இறைச்சி கெட்டுவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் வருகிறது. துணி உள்ளேயே இருக்கிறது, மூன்று வருடம்.

நேற்று ராத்திரி பெரியம்மாவுக்கு போன் போட்டு இவ்வளவையும் சொன்னேன். "ம்" கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கிருஷ்ணமூர்த்தி கலைத்ததற்கோ ஸபத்தாய் மாறியதற்கோ ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் கேட்டார்:

"அந்த அமெரிக்காப் பையன அவங்க அம்மா என்ன சொல்லிடா கப்பல் ஏத்திருப்பா?"