தன்பால் ஈர்ப்பைப் பற்றிப் படிக்க: எங்கிருந்து தொடங்குவது?

தன்பால் ஈர்ப்பைப் பற்றிப் படிக்க வேண்டும், எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களிடம், வரலாறு வேண்டுமா, கதை வேண்டுமா என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு. பெரும்பாலும் வரலாறு என்றுதான் பதில் வரும். கதை என்றால் கற்பனை, வரலாறு என்றால் நடந்தது என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருக்கிறது. இந்த விஷயத்தில் அந்த நம்பிக்கையைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளச் சொல்வேன். தன்பால் ஈர்ப்பாளர்களைப் பற்றி எஞ்சியிருக்கும் ஆவணங்களில் கணிசமானவை, அவர்களைப் பிடித்தவர்களும் விசாரித்தவர்களும் தண்டித்தவர்களும் எழுதி வைத்தவை. அவர்கள் தாங்களே எழுதிய பலவும் அஞ்சி அழிக்கப்பட்டன, அல்லது இழுப்பறைக்குள் கிடந்தன. ஆகவே இரண்டு வகையையும் மாற்றி மாற்றிப் படிப்பதே என் பரிந்துரை.

அதற்கு முன், 'ஓரினச்சேர்க்கை' என்ற பழகிப்போன சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம். அது உடலுறவை மட்டுமே சுட்டுகிறது. நான் சொல்லப்போகும் புத்தகங்களிலோ, பக்கம் பக்கமாக மனிதர்கள் கடிதம் எழுதுகிறார்கள், காத்திருக்கிறார்கள், வீட்டில் பொய் சொல்கிறார்கள்.

முதலில் ஆங்கில எழுத்தாளர் ஈ.எம். ஃபார்ஸ்டரின் 'மாரிஸ்' நாவல். 1913, 1914 ஆண்டுகளில் எழுதப்பட்டு, நெருங்கிய நண்பர்களிடம் மட்டும் கைப்பிரதியாக உலவி, 1970-இல் ஆசிரியர் இறந்த பிறகு 1971-இல்தான் அச்சேறியது. 1895-இல் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டை இரண்டாண்டு கடுங்காவலுக்கு அனுப்பிய, ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய அதே 1885-ஆம் ஆண்டுச் சட்டம், இதை ஃபார்ஸ்டர் எழுதியபோதும் நடைமுறையில் இருந்தது. காதலிக்கும் ஆண்கள் இருவரும் சேர்ந்து வாழ்வதாகக் கதையை முடித்தே தீருவது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். யாராவது தூக்கில் தொங்குவதாக முடித்திருந்தால் வெளியிடுவதில் சிக்கலே இருந்திருக்காது என்று 1960-இல் எழுதிய பின்குறிப்பில் கசப்போடு சொல்கிறார். நாவலின் தொடக்கப் பகுதியில் ஒரு சிறு காட்சி வருகிறது. கேம்பிரிட்ஜில் மாணவர்கள் கிரேக்க நூல் ஒன்றை வாய்விட்டு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஓரிடம் வந்ததும் ஆசிரியர், குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், கிரேக்கர்களின் சொல்லத்தகாத ஒழுக்கக்கேட்டைப் பற்றிய குறிப்பு அது, விட்டுவிடுங்கள் என்கிறார். கோபப்பட்டிருந்தாலாவது எதிர்த்துப் பேசியிருக்கலாம். அந்த அலுப்பான குரலை எதிர்த்து என்ன பேசுவது?

அப்படித் தாண்டிப் போன வரிகளில் என்ன இருந்தது என்று அறிய, கே.ஜே. டோவர் 1978-இல் வெளியிட்ட 'கிரீக் ஹோமோசெக்ஷுவாலிட்டி' உதவும். கி.மு. நான்காம் நூற்றாண்டில் டிமார்கஸ் என்பவருக்கு எதிராக ஏஸ்கினஸ் ஆற்றிய நீதிமன்ற உரையும் மட்பாண்டங்களில் தீட்டிய ஓவியங்களும்தான் இதன் முக்கியச் சான்றுகள். இங்கேயும் வழக்குக் கட்டுதான் வாய் திறக்கிறது என்பதைக் கவனியுங்கள். வறண்ட நடை, பொறுமை வேண்டும். அக்காலத்து ஏதென்ஸின் வழக்கத்தை, அதன் வயது ஏற்றத்தாழ்வோடு, இன்றைய சமமான உறவுக்கு முன்மாதிரியாகக் காட்டுபவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

வரலாற்று நூல்களில் ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்பவருக்கு, ஜார்ஜ் சான்சி 1994-இல் எழுதிய 'கே நியூயார்க்'. 1890 முதல் 1940 வரையிலான நியூயார்க் நகரம் இதன் களம். பழங்காலத்தில் எல்லோரும் ஒளிந்தே வாழ்ந்தார்கள், பிறகு படிப்படியாக விடுதலை வந்தது என்று நாம் வைத்திருக்கும் நேர்கோட்டுக் கதையை இந்த நூல் கலைத்துப் போடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஓர் உலகம் கண்ணுக்குத் தெரியும்படியே இருந்தது. 1933-இல் மதுவிலக்கு முடிந்து, மதுக்கடைகளுக்கான உரிம விதிகள் வந்த பிறகுதான் அந்த உலகம் இறுக்கி மூடப்பட்டது. 'வெளியே வருதல்' என்ற சொல்லாட்சிக்கு அவர் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: செல்வந்தர் வீட்டுப் பெண்கள் முதன்முதலாகச் சமூக விருந்துகளில் அறிமுகமாகும் சடங்கிலிருந்து எடுத்த சொல் அது. அன்றைய பொருளில் ஒருவர் தம்மைப் போன்றவர்களின் உலகத்துக்குள் வந்து சேர்கிறார். ஒளிவிடத்திலிருந்து வெளிவருகிறார் என்ற பொருள் பிற்காலத்தில் ஏறியது. இத்தனைக்கும் அவருடைய சான்றுகளில் பெரும்பங்கு, ஒழுக்கக் கண்காணிப்புக் குழுக்கள் அனுப்பிய உளவாளிகளின் அறிக்கைகள். ஒழிக்க வந்தவர்களின் குறிப்பேடுகளிலிருந்தே வாழ்ந்தவர்களின் சிரிப்பை மீட்டெடுக்கிறார்.

அடுத்ததைப் படித்த பிறகு சில நாள் இடைவெளி விடுங்கள். ஹைன்ஸ் ஹேகர் என்ற புனைபெயரில் 1972-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த 'இளஞ்சிவப்பு முக்கோணம் அணிந்த மனிதர்கள்', யோசெப் கோஹௌட் என்ற வியன்னாக்காரரின் நாஜி முகாம் அனுபவம். தன்பால் ஈர்ப்புக்காக அடைக்கப்பட்ட ஆண்களுக்கு அந்த முகாம்களில் குத்திய அடையாளம்தான் அந்த முக்கோணம். நண்பனுக்குக் கொடுத்த புகைப்படத்தின் பின்புறம் அன்போடு எழுதிய கிறிஸ்துமஸ் வாழ்த்துதான் அவருக்கு எதிரான சாட்சி. போர் முடிந்ததோடு துன்பம் முடியவில்லை. ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டித்த, நாஜிகள் 1935-இல் கடுமையாக்கிய 175-ஆம் சட்டப் பிரிவு ஜெர்மனியில் முழுமையாக நீங்க 1994 வரை ஆனது.

புனைவில் இரண்டாவதாக ஜேம்ஸ் பால்ட்வினின் 'ஜியோவன்னிஸ் ரூம்', 1956. கறுப்பின எழுத்தாளரிடம் கறுப்பினக் கதையை எதிர்பார்த்திருந்த காலத்தில், பாரிஸில் வாழும் வெள்ளைக்கார இளைஞன் டேவிட்டின் வாயால் இதைச் சொன்னார். ஜியோவன்னியின் அறையில் சன்னல் கண்ணாடிகளுக்கு வெள்ளைப் பூச்சு அடித்திருக்கும். தெருவில் போகிறவர்கள் உள்ளே பார்த்துவிடக்கூடாது. அந்த மங்கிய வெளிச்சத்தில் டேவிட்டுக்கு மூச்சு முட்டுகிறது. கொடுமைக்காரச் சட்டம் எதுவும் கதையின் நடுவில் இல்லை. காதலிப்பவனே தன் வெட்கத்தால் கோழையாகிறான். இதை எந்தக் காவல்துறை அறிக்கையிலும் தேட முடியாது.

ராட்கிளிஃப் ஹாலின் 'தி வெல் ஆஃப் லோன்லினெஸ்' பெரும்பாலான பட்டியல்களில் முதலில் நிற்கும். 1928-இல் லண்டன் நீதிமன்றம் அதை ஆபாசம் என்று அழிக்கச் சொன்ன கதை, நாவலைவிடச் சுவையானது. பெண்களின் காதலைப் படிக்க விரும்புவோருக்கு நான் பாட்ரீசியா ஹைஸ்மித்தின் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' நாவலையே கொடுப்பேன். 1952-இல் வேறு பெயரில் வெளியிட்டார். தம் பெயரைப் போட்டுக்கொள்ள 1990 ஆயிற்று. இஸ்மத் சுக்தாயின் உருதுச் சிறுகதை 'லிஹாஃப்' 1942-இல் வந்து, லாகூரில் வழக்கைச் சந்தித்து, அவர் விடுதலையானார். துணிச்சலான கதைதான். ஆனால் கணவன் கவனிக்காததால் பெண் பெண்ணை நாடுகிறாள் என்று காரணம் கற்பிக்கும் இடத்தில் எனக்கு அதனோடு பிணக்கு உண்டு. இந்த ஆசை நம் மண்ணில் இறக்குமதியானது என்று வாதிடுபவர்களுக்கு, ரூத் வனிதாவும் சலீம் கித்வாயும் 2000-இல் தொகுத்த 'சேம்-செக்ஸ் லவ் இன் இந்தியா'வைக் கொடுத்துவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். பல நூற்றாண்டுகளின், பல மொழிகளின் மூலப் பகுதிகள் அதிலேயே இருக்கின்றன.

கடைசியாக ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்', 1994. கொழும்பில் வளரும் தமிழ்ச் சிறுவன் அர்ஜி, 1983 கலவரம் வரை. முதல் கதையில் பெண்பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டில் அவன்தான் மணப்பெண். புடவை சுற்றி, முக்காடு போட்டு, தன் அழகில் தானே மயங்கி நிற்கிறான். பெரியவர்கள் பார்த்துவிடுகிறார்கள். அன்றோடு பெண்பிள்ளைகளின் பக்கம் அவனுக்கு அடைபடுகிறது. பையன்களின் கிரிக்கெட்டோ அவனுக்குப் பிடிப்பதில்லை. அந்த வயதுப் பையன்மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை என்பதால், எந்த ஆவணக் காப்பகத்திலும் அவனுக்கு ஒரு தாள்கூடக் கிடையாது. முழு நாவலுக்கு நேரமில்லாதவர்கள் அந்த முதல் கதையை மட்டுமாவது படித்துவிட்டு, பிறகு சான்சியிடம் போகலாம்.