டைல் வீட்டில் செருப்புச் சண்டை

(கல்லடியில் ஒரு வீடு. காலை ஆறு மணி. கணவர் கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றுகிறார். ஓர் அலறல்.)

மனைவி: விடிந்துவிட்டது. இந்த வீட்டுக்குச் சேவல் எதற்கு?

கணவர்: குதியில் ஆணி அடித்ததுபோல் நோகிறது. உனக்குப் பகிடி.

மனைவி: பாண் வாங்கிவரச் சொன்னால் நோகிறது. பத்து எட்டு வைத்துத் தேநீர்க் கடைப் பக்கம் திரும்பினால் மறைந்துவிடுகிறது.

கணவர்: அதுதான் இதன் குணமாம்! குதி எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை தடித்த நார் ஒன்று ஓடுகிறது. ஆறுதலாகக் கிடந்தால் இறுகிவிடும். முதல் எட்டிலே இழுபட்டுச் சுள்ளென்கிறது. நடக்க நடக்க இளகும். நெடுநேரம் நின்றால் திரும்பவும் வரும்.

மனைவி: குதியில் முள்ளு வளர்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரேயை ஊரெல்லாம் காட்டினீர்களே?

கணவர்: (குரல் இறங்கி) நோவே இல்லாத பலருக்கும் அந்த முள்ளு இருக்குமாம்.

மனைவி: சம்பந்தி வீட்டுக்கும் கொண்டுபோனீர்கள்.

கணவர்: உகந்தை, குமணைக் காடு என்று கதிர்காமம்வரை வெறுங்காலோடு நடந்த கால் இது!

மனைவி: அப்போது வயது 25. வேட்டியைச் சுற்றியபிறகும் தலைப்பு மிஞ்சியது. இப்போது அதே வேட்டி வயிற்றை ஒருதரம் சுற்றவே மூச்சு வாங்குகிறது. அந்தப் பாரத்தையும் குதிதான் சுமக்கிறது.

கணவர்: அங்கே காலுக்குக் கீழே மணல். இங்கே நீ ஆசைப்பட்டுப் போட்ட டைல். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

மனைவி: செருப்பா? என் டைலிலா?

(இந்த இடத்தில் எழுதுகிறவன் வாயைத் திறக்கவில்லை. அவன் வீட்டிலும் டைல்தான்.)

கணவர்: அப்படியானால் நோவையும் வாசலில் கழற்றிவிட்டு வரட்டுமா?

மனைவி: புதுச்சோடி ஒன்று வாங்குங்கள். வாசற்படி தாண்டி வெளியே போனால் அது திரும்ப உள்ளே வராது. நீங்களும்தான். வேறென்ன சொன்னார்?

கணவர்: எழும்புமுன் கால்விரல்களைப் பிடித்து என் பக்கம் இழுக்க வேண்டும்.

மனைவி: கை எட்டுமா?

கணவர்: துவாயைப் போட்டு இழுக்கலாம். பிறகு, உறைந்த தண்ணீர்ப் போத்தலை உள்ளங்காலின் கீழே உருட்ட வேண்டும். நேற்றுக் காலை உருட்டினேன். என்ன சுகம்!

மனைவி: உருட்டிய போத்தல் எங்கே?

கணவர்: பிரிட்ஜில்தான். கதவுப் பக்கம் வைத்தேன்.

மனைவி: நீல மூடியா?

கணவர்: ஓம்.

மனைவி: ஐயோ! நேற்றுப் பின்னேரம் என் தம்பி அதில் வாய்வைத்துக் குடித்துவிட்டு, "அக்கா, உங்கள் கிணற்றுத் தண்ணீருக்குத் தனி ருசி" என்றான்!