ஆறில் ஒரு முகம்

(பழனி அடிவாரம், முடிக்கொட்டகை. தேர்தல் முடிவு வந்த வாரம். வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் வந்து குந்துகிறார். கத்திக்குப் புது பிளேடு மாற்றிக்கொண்டிருக்கிறார் முடி இறக்கும் தொழிலாளி.)

தொழிலாளி: தலையைக் குனிங்கண்ணே. வேண்டுதலா?

வேட்பாளர்: தேர்தல்ல நின்னேன் தம்பி. சுயேச்சை.

தொழிலாளி: ஜெயிச்சிட்டீங்களா? சந்தோசம்ணே!

வேட்பாளர்: ஜெயிச்சவன் எவனாவது மொட்டை போடுவானா? போஸ்டருக்கு முடி வேணாமா? இது தோத்ததுக்குப் போடுற மொட்டை. இனி அஞ்சு வருஷத்துக்கு போஸ்டர் இல்ல, அதுக்குள்ள வளந்துரும்.

தொழிலாளி: டெபாசிட்டு?

வேட்பாளர்: பத்தாயிரம் போச்சு. செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கினாத்தான் திருப்பித் தருவாங்க. ஆறுல ஒண்ணு! ஆறுமுகத்துல ஒரே ஒரு முகம் என் பக்கம் திரும்பியிருந்தா போதும்.

தொழிலாளி: ஒண்ணுகூடத் திரும்பலையா?

வேட்பாளர்: ஒரு காது திரும்புச்சு.

தொழிலாளி: அப்ப ஆண்டவர் மேல கோபம்ல வரணும்?

வேட்பாளர்: வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி படத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சேன். சம்சாரம் திட்டிக்கிட்டே நேரா வச்சா. அப்பத்தான் கவனிச்சேன். கோவணம், கையில ஒரு தண்டு, வேற ஒண்ணும் கிடையாது. தேர்தல் செலவு முடிஞ்சதும் நானும் அப்படித்தான் நின்னேன். அடடா, இவரு நம்மாளு!

தொழிலாளி: கன்னத்துல போட்டுக்கங்கண்ணே.

வேட்பாளர்: போட்டுக்கிட்டேன். நீயே சொல்லு. உலகத்தை முதல்ல சுத்தி வர்றவருக்கு மாம்பழம்னாங்க. இவரு மயில்ல ஏறி, கடல் மலை ஒண்ணு விடாம நேர்மையாச் சுத்திட்டு வர்றாரு. அண்ணன்காரரு அப்பா அம்மாவை ஒரு சுத்துச் சுத்தி, ‘எனக்கு நீங்கதான் உலகம்’னாரு. பழம் கைமாறிருச்சு. எனக்கும் அதே கதைதான்! இருபது வருஷம் டிவிஎஸ் ஐம்பதுல தொகுதி பூராச் சுத்தினேன். சீட்டு யாருக்கு? மாவட்டச் செயலாளரைச் சுத்தினவனுக்கு!

தொழிலாளி: பிள்ளையாரையும் அந்த ஆளையும் ஒண்ணாக்காதீங்க. ஆட்டாதீங்கண்ணே, கத்தி.

வேட்பாளர்: ச்சே, அவருக்குத் தேங்காய் உடைச்சிட்டுத்தான் கிளம்பினேன். நான் சொல்ல வந்தது என்னன்னா, தோத்தவரு வீட்டுல முடங்கினாரா? கோவிச்சுக்கிட்டு வெளிய வந்தாரு. தனி மலை, சேவல் கொடி, ஆறு படைவீடு. தைப்பூசம்னா செட்டிநாட்டுலேர்ந்து ஜனம் காவடியோட நடந்தே வருது. வண்டி பிடிச்சா கூட்டிட்டு வர்றாங்க? பிரியாணி உண்டா? தானா வருது தம்பி!

(வேட்பாளருக்குக் கண் கலங்குகிறது. பக்தியா, பிரியாணிக் கணக்கு நினைவுக்கு வந்ததா என்று சொல்வதற்கில்லை.)

தொழிலாளி: உங்க சின்னம் என்னண்ணே?

வேட்பாளர்: மாம்பழம் கேட்டேன். அது கட்சிக்காரங்களோடதுன்னுட்டாங்க. ஆண்டவருக்கே கிடைக்காத பழம் எனக்கா கிடைக்கும்? தையல் மெஷினைக் குடுத்தாங்க.

தொழிலாளி: விடுங்கண்ணே. விருதுநகர்ல காமராஜரே தோத்தவர்தான?

வேட்பாளர்: 1967. வெறும் 1,285 ஓட்டு, அதுவும் ஒரு மாணவர் தலைவர்கிட்ட. 69ல நாகர்கோயில் இடைத்தேர்தல்ல எம்.பி. ஆயிட்டாருல்ல? அண்ணா 62ல காஞ்சிபுரத்துல தோத்தாரு, 67ல முதலமைச்சர்.

தொழிலாளி: அண்ணா பழனிக்கு வந்து மொட்டை போடலையேண்ணே?

வேட்பாளர்: அதான் அஞ்சு வருஷம் ஆச்சு.

(பாதித் தலை ஆகிவிட்டது. கோபித்துக்கொண்டு எழுந்து போகக்கூடிய கட்டம் இது இல்லை. தொழிலாளிக்கு அது தெரியும்.)

தொழிலாளி: ஒண்ணு கேக்கட்டுமா? ஆண்டவரு தோத்தாரு, மலைக்கு வந்தாரு. ஆனா திரும்ப மாம்பழத்துக்குப் போட்டி போடலையே?

வேட்பாளர்: (வெகுநேரம் யோசித்து) பஞ்சாமிர்தம் எதுல பண்றாங்க?

தொழிலாளி: வாழைப்பழத்துல. விருப்பாச்சி மலைப்பழம்.

வேட்பாளர்: பாத்தியா! மாம்பழத்தை உள்ளயே விடல. இன்னைய வரைக்கும் கோபம் தீரல! ஒரு பழத்தை எதிர்த்து இன்னொரு பழத்தை நிறுத்தி, 2019ல புவிசார் குறியீடே வாங்கியாச்சு. இதுக்குப் பேரு போட்டி இல்லாம என்ன?

தொழிலாளி: அப்ப நீங்களும் வேற பழம் பாக்குறீங்க?

வேட்பாளர்: வேற தொகுதி பாக்குறேன்.

தொழிலாளி: முடிஞ்சுதுண்ணே. குளிச்சிட்டுச் சந்தனம் பூசிக்கங்க.

வேட்பாளர்: எவ்வளவு?

தொழிலாளி: இலவசம்ணே. அறநிலையத்துறைக் கோயில்ல 2021லேர்ந்து மொட்டைக்குக் காசு கிடையாது.

வேட்பாளர்: சும்மா டீ செலவுக்கு வச்சுக்க.

தொழிலாளி: வேணாம்ணே, வாங்க மாட்டேன்.

வேட்பாளர்: (நோட்டை நீட்டிய கை நீட்டியபடியே) தம்பி, நீ எந்தத் தொகுதி?

தொழிலாளி: பழனிதான். ஏண்ணே?

வேட்பாளர்: காசை நீட்டினா வேணாம்னு சொல்ற வாக்காளரை இப்பத்தான் நேர்ல பாக்குறேன். வீட்டுல எத்தனை ஓட்டு?

தொழிலாளி: நாலு. எந்திரிங்கண்ணே, பின்னாடி குழந்தை அழுவுது.

வேட்பாளர்: (திரும்பி, குழந்தையின் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டு) வணக்கம்மா. என்ன வயசு?

தொழிலாளி: முத மொட்டைண்ணே. ஒரு வயசுதான் இருக்கும்.

வேட்பாளர்: (விரல் விட்டு எண்ணுகிறார்) நாலாவது தேர்தலுக்கு ஓட்டு வந்துரும். குழந்தைக்குப் பேர் என்னம்மா?