முதல் பத்துக்குள் பத்தாவது

(ஞாயிற்றுக்கிழமை. ஃபார்முலா ஒன் பந்தயம் தொடங்க இன்னும் அரை மணி நேரம். டிவி இன்னும் போடவில்லை. கதிர் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருக்கிறான். பெரியப்பா ஓர் அலுவலகத்தில் 35 வருடம் ஸ்டோர்ஸ் பிரிவைப் பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் எப்போதும் ஒரு நீள நோட்டு. வீட்டில் இருக்கும் பொருள் எல்லாம் அதில் ஏறியிருக்கும், பெரியம்மாவைத் தவிர.)

பெரியப்பா: என்னடா, பந்தயம் பார்க்க வந்தாயா, ரிசல்ட் பார்க்க வந்தாயா? முகம் ஏன் இப்படித் தொங்குகிறது?

கதிர்: என் அணி அப்படி, பெரியப்பா. ஆல்பைன். 2025ல் பத்தாவது இடம்.

பெரியப்பா: பரவாயில்லையே! முதல் பத்துக்குள் வந்துவிட்டார்களே.

கதிர்: அந்த வருடம் மொத்தமே பத்து அணிதான்.

பெரியப்பா: ஓ. (கொஞ்ச நேரம் மௌனம்) மார்க் எவ்வளவு?

கதிர்: 22 புள்ளி. அத்தனையும் பியேர் காஸ்லி ஒருவர் எடுத்தது. இன்னொரு வண்டி வருடம் முழுக்க ஓடி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

பெரியப்பா: எங்கள் செக்‌ஷனும் அப்படித்தான். ஆறு மேஜை, ஒருவர்தான் வேலை செய்வார். அது நான் இல்லை, அதை விடு. அந்த இன்னொரு வண்டியை யார் ஓட்டினார்?

கதிர்: முதல் ஆறு பந்தயம் ஜாக் டூஹன் என்ற புதுப் பையன். அப்புறம் அவரை இறக்கிவிட்டு ஃபிராங்கோ கொலபின்டோவை ஏற்றினார்கள்.

பெரியப்பா: ஆறே பந்தயத்திலா? புதிதாகச் சேர்ந்தவனுக்கு கேன்டீன் எங்கே இருக்கிறது என்று தெரியவே ஆறு வாரம் ஆகுமேடா. எந்த மேனேஜர் எடுத்த முடிவு அது?

கதிர்: அதுதான் சிக்கல். டூஹனை இறக்கும் அறிவிப்பு வருவதற்கு முதல் நாள் மேனேஜரே ராஜினாமா செய்துவிட்டார். ஆலிவர் ஓக்ஸ். வந்து ஒரு வருடம்கூட முடியவில்லை.

பெரியப்பா: அருமையான ஏற்பாடு. திட்டுவதற்குத் தேடினால் ஆளே இருக்க மாட்டார். அவருக்கு முன்னால் யார்?

கதிர்: ப்ரூனோ ஃபமின். அவருக்கு முன்னால்...

பெரியப்பா: இரு, இரு. இதை எழுதாவிட்டால் கணக்கு உதைக்கும். (நோட்டைப் பிரிக்கிறார்) முதலிலிருந்து சொல்.

கதிர்: 2021ல் ரெனோ என்ற பெயரை ஆல்பைன் என்று மாற்றினார்கள். மாற்றும்போதே பழைய தலைவர் சிரில் அபிடபுல் போய்விட்டார். அடுத்து மார்சின் புட்கோவ்ஸ்கி, அவர் 2022 ஜனவரியில் போனார். அப்புறம் ஓட்மார் சாஃப்னவர். 2023 ஜூலையில் பெல்ஜியம் பந்தயத்தோடு அவருக்கும் சீட்டுக் கிழிந்தது. அதையும் வெள்ளிக்கிழமையே அறிவித்துவிட்டார்கள். பந்தயம் ஞாயிற்றுக்கிழமை!

பெரியப்பா: ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் காதில் போய், ‘அடுத்த ஸ்டாப்போடு உனக்கு வேலை இல்லை’ என்று சொன்ன மாதிரி இருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துப் பார்த்தார்களா?

கதிர்: அதே நாளில் ஆலன் பெர்மேன் போவதையும் அறிவித்தார்கள். 34 வருடம் அங்கேயே இருந்தவர்.

பெரியப்பா: (பேனா நிற்கிறது) எத்தனை?

கதிர்: 34. அணிக்கு பெனட்டன் என்று பெயர் இருந்தபோது, 1989ல் சேர்ந்தவர். ஷூமாக்கர் 1994, 1995ல் சாம்பியன் ஆனபோதும் இருந்தார், அலோன்சோ 2005, 2006ல் ஆனபோதும் இருந்தார். வாசலில் பெயர்ப் பலகைதான் மாறிக்கொண்டே இருந்தது. ஆள் அதே ஆள்.

பெரியப்பா: அடப்பாவிகளா. எந்த போல்ட் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அந்த மனுஷனுக்குத்தானேடா தெரிந்திருக்கும்! நான் ரிடையர் ஆகி மூன்று மாசம் கழித்தும் எனக்குப் போன் வந்தது, ‘சார், அந்தப் பச்சை பீரோ சாவி...’ என்று. சரி, அந்த மனுஷன் இப்போது எங்கே?

கதிர்: ரேசிங் புல்ஸ் என்ற அணிக்குத் தலைவர். 2025ல் அந்த அணி ஆறாவது.

பெரியப்பா: பார்த்தாயா, சாவியோடு போய்விட்டார். இப்போது உன் அணிக்கு யார் பொறுப்பு?

கதிர்: அன்றாட வேலைக்கு ஸ்டீவ் நீல்சன். ஆனால் 2024லிருந்து ஃபிளாவியோ பிரியடோரே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார். ஷூமாக்கர் காலத்திலும் அலோன்சோ காலத்திலும் அவர்தான் தலைவர். 2008ல் சிங்கப்பூரில் இந்த அணியின் வண்டி வேண்டுமென்றே சுவரில் மோதிய விவகாரம் ஒன்று உண்டு. அதற்காக 2009ல் அவருக்குத் தடை போட்டார்கள். 2010ல் பிரெஞ்சு நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. இப்போது அவருடைய பதவியின் பெயர் ஆலோசகர்.

பெரியப்பா: ஆலோசனை சொல்கிறாரா?

கதிர்: முடிவே சொல்கிறார்.

பெரியப்பா: தெரியும். எங்களுக்கும் ஒரு முன்னாள் எம்.டி. இருந்தார். ‘சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்’ என்பார். அன்றைக்கு யாரும் வேலையே செய்ய மாட்டோம். யாருக்கு முதலில் வணக்கம் வைப்பது என்று பார்த்துக்கொண்டே சாயங்காலம் ஆகிவிடும். சரி, இவர்களிடம் திட்டம் என்று ஏதாவது இருந்ததா?

கதிர்: இருந்ததே. நூறு பந்தயத் திட்டம். படிப்படியாக முன்னேறி நூறு பந்தயத்துக்குள் வெற்றிக்குப் போட்டி போடும் நிலைக்கு வருவோம் என்று தலைமை அதிகாரி லோரன் ரோஸி சொன்னார்.

பெரியப்பா: நல்ல திட்டம். என்ன ஆயிற்று?

கதிர்: பாதி வழியில் 2023 ஜூலையில் ரோஸியை மாற்றிவிட்டார்கள்.

பெரியப்பா: திட்டம்?

கதிர்: அவருக்குப் பின்னாலேயே போய்விட்டது.

பெரியப்பா: அது அப்படித்தான். மேனேஜர் கொண்டுவந்த செடிக்கு அடுத்த மேனேஜர் தண்ணீர் ஊற்ற மாட்டார். சரி, ஓட்டுகிறவர்களையாவது ஒழுங்காகப் பிடித்து வைத்தார்களா?

கதிர்: அதைக் கேட்காதீர்கள்.

பெரியப்பா: கேட்டாயிற்று.

கதிர்: 2022 ஆகஸ்ட் 1ம் தேதி, அப்போது எங்களுக்கு ஓட்டிக்கொண்டிருந்த அலோன்சோ ஆஸ்டன் மார்ட்டின் அணிக்குப் போகிறார் என்று அந்த அணி அறிவித்தது. உறுதியான தகவலே அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் தனக்குக் கிடைத்தது என்றார் எங்கள் சாஃப்னவர். சரி, போனால் போகட்டும், நம்மிடம் ஆஸ்கார் பியாஸ்ட்ரி என்ற தங்கம் இருக்கிறதே என்று மறுநாளே ‘2023ல் பியாஸ்ட்ரி ஓட்டுவார்’ என்று அறிவித்தார்கள்.

பெரியப்பா: சமயோசிதம்தான்.

கதிர்: சில மணி நேரத்தில் பியாஸ்ட்ரி ட்விட்டரில், ‘நான் கையெழுத்துப் போடவில்லை, அடுத்த வருடம் ஆல்பைனுக்கு ஓட்ட மாட்டேன்’ என்று எழுதிவிட்டார்.

பெரியப்பா: (நோட்டால் முகத்தை மூடிக்கொள்கிறார்) மாப்பிள்ளையைக் கேட்காமல் பத்திரிகை அடித்தார்களா!

கதிர்: பஞ்சாயத்து ஒப்பந்த வாரியம்வரை போனது. செப்டம்பரில் தீர்ப்பு: அவரிடம் இருப்பது மெக்லாரன் ஒப்பந்தம் ஒன்றுதான். 2024லும் 2025லும் மெக்லாரன் அணி சாம்பியன்.

பெரியப்பா: ஒரே வாரத்தில் இரண்டு ஓட்டுநர். எனக்கு ஸ்டோர்ஸில் ஒரு ஸ்டேப்ளர் குறைந்தாலே விளக்கம் கேட்டு மெமோ வரும்.

கதிர்: (எழுந்து நடக்கிறான்) ஆனால் பெரியப்பா, உண்மையான குறை என்ஜின்தான். ரெனோ என்ஜினுக்குச் சக்தி போதவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். வண்டி இங்கிலாந்தில் என்ஸ்டோனில் தயாராகும். என்ஜின் பிரான்சில் விரி-ஷாத்தியோனில் தயாரானது.

பெரியப்பா: நடுவில் கடல். நல்ல வசதி. வண்டிக்காரன் என்ஜினைச் சொல்வான், என்ஜின்காரன் வண்டியைச் சொல்வான்.

கதிர்: அதனால்தான் 2026லிருந்து சொந்த என்ஜினை விட்டுவிட்டு மெர்சிடிஸிடம் வாங்குகிறார்கள்.

பெரியப்பா: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் கூடத்தையே இடித்துவிட்டார்கள். இனிமேல் ஆட்டம் எப்படி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கதிர்: (தயங்கி) மெக்லாரனுக்கே அது நடந்தது. 2015லிருந்து 2017வரை ஹோண்டா என்ஜினைத் திட்டித் தீர்த்தார்கள். அலோன்சோ ஜப்பானில், ஹோண்டாவின் சொந்த மைதானமான சுசுகாவிலேயே, ‘இது ஜிபி2 என்ஜின்’, அதாவது ஒரு படி கீழே உள்ள பந்தயத்தின் என்ஜின், என்று ரேடியோவில் கத்தினார். 2018ல் என்ஜினை மாற்றினார்கள். அப்போதுதான் வண்டியிலும் குறை என்று புரிந்தது. அந்த ஹோண்டாவை வைத்து ரெட் புல் அணியின் வெர்ஸ்டப்பன் 2021ல் சாம்பியன்.

பெரியப்பா: இதைச் சொல்லிவிட்டு நீ என்ஜினைக் குறை சொல்கிறாய் பார், அங்கேதான் நிற்கிறாய்.

கதிர்: அப்போ நல்ல இன்ஜினியர்களைக் கொண்டுவந்தால் சரியாகிவிடுமா?

பெரியப்பா: கொண்டுவரட்டுமே.

கதிர்: உடனே வர முடியாது. ஒரு அணியை விட்டுப் போகிற பெரிய ஆளை மாதக்கணக்கில் வீட்டில் உட்கார வைப்பார்கள். ரகசியத்தோடு எதிரணிக்குப் போய்விடக் கூடாதே. அதுவரை சம்பளம் உண்டு.

பெரியப்பா: வீட்டில் உட்காரச் சம்பளமா? நாங்கள் ஆபீஸ் போய் உட்கார்ந்து வாங்கியதை இவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து வாங்குகிறார்கள்!

கதிர்: அவர் வந்து சேரும்போது அடுத்த வருட வண்டி பாதி தயாராகியிருக்கும். அவர் கை முழுசாகப் பட்ட வண்டி அதற்கும் அடுத்த வருடம்தான்.

பெரியப்பா: அதற்குள் அவரை அழைத்து வந்த மேனேஜர் போயிருப்பார். புது மேனேஜர், ‘யார் இவர்?’ என்று கேட்பார்.

கதிர்: ஃபெராரியில் ஜான் டாட் 1993ல் வந்தார். அணிக்கான பட்டம் வந்தது 1999ல். ஓட்டுநர் பட்டம் 2000ல்தான். ஏழு வருடம் விட்டு வைத்தார்கள். அதிலிருந்து 2004வரை ஷூமாக்கர் தொடர்ந்து ஐந்து வருடம் சாம்பியன்.

பெரியப்பா: அப்புறம் அந்தப் பொறுமையை அப்படியே வைத்துக்கொண்டார்களா?

கதிர்: 2014ல் மட்டும் மூன்று தலைவர் பெயர் அடிபட்டது. ஏப்ரலில் டொமெனிகாலி போனார், மத்தியாச்சி வந்தார், நவம்பரில் அவருக்குப் பதில் அரிவாபெனே.

பெரியப்பா: நல்லது கெட்டது இரண்டும் ஒரே வீட்டில். போகட்டும். இத்தனையிலும் ஸ்டோர்ஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. எல்லாத் தோல்விக்கும் மூலம் ஸ்டோர்ஸ்தான், தெரியுமா?

கதிர்: அதற்கும் கதை இருக்கிறது. 2023ல் வில்லியம்ஸ் அணிக்கு ஜேம்ஸ் வவுல்ஸ் தலைவராகப் போனார். வண்டிக்குச் சுமார் 20,000 பாகம். எல்லாம் ஒரே எக்செல் ஷீட்டில்.

பெரியப்பா: சபாஷ்! ஒழுங்கான ஆட்கள்.

கதிர்: ஒழுங்கா? எது எங்கே இருக்கிறது, செய்ய எத்தனை நாள், என்ன செலவு, எதுவும் அதிலிருந்து தெரியாது. இருக்கிறது என்று இருக்கும். தேடினால் கிடைக்காது.

பெரியப்பா: ஷீட் மேல் பழி போடாதே. எழுதுகிற கை சரியாக இருக்க வேண்டும். என் நோட்டைப் பார், ஊசிவரை இருக்கிறது.

கதிர்: 2024ல் ஆஸ்திரேலியாவில் அலெக்ஸ் அல்பன் பயிற்சியில் மோதிவிட்டார். மாற்று சேசிஸ், அதாவது வண்டியின் உடற்கூடு, அணியிடம் இல்லை. அதனால் லோகன் சார்ஜென்ட்டின் வண்டியை வாங்கி அல்பனுக்குக் கொடுத்தார்கள்.

பெரியப்பா: மோதியவருக்கு வண்டி, மோதாதவருக்கு?

கதிர்: நாற்காலி. உட்கார்ந்து பார்த்தார்.

பெரியப்பா: அநியாயம். புள்ளியாவது கிடைத்ததா?

கதிர்: பதினோராவது இடம். முதல் பத்துப் பேருக்குத்தான் புள்ளி.

பெரியப்பா: (தலையில் கை வைத்து) அந்த வவுல்ஸை என்ன செய்தார்கள்?

கதிர்: ஒன்றும் செய்யவில்லை, விட்டு வைத்தார்கள். 2025ல் வில்லியம்ஸ் ஐந்தாவது இடம்.

பெரியப்பா: ம்ம். (நோட்டில் எதையோ அடிக்கோடிடுகிறார்) சரி, டிவியைப் போடு.

(கதிர் ரிமோட்டை அழுத்துகிறான். உள்ளங்கையில் தட்டுகிறான். மறுபடியும் அழுத்துகிறான். சுவரோடு ஒட்டிய டிவியின் பொத்தான் எங்கே என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.)

கதிர்: பேட்டரி தீர்ந்துவிட்டது, பெரியப்பா. இன்னும் மூன்று நிமிஷம்தான் இருக்கிறது!

பெரியப்பா: பதறாதே. எதற்கு நோட்டு வைத்திருக்கிறேன்? (புரட்டுகிறார்) பேட்டரி... பேட்டரி... இதோ. ‘சின்ன பேட்டரி, நாலு, வாங்கியாயிற்று.’ பார்த்தாயா!

கதிர்: எங்கே இருக்கிறது?

பெரியப்பா: அதுதான் இருக்கிறதே. நாலு.

கதிர்: எந்த இடத்தில்?

(பெரியப்பா பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார். நோட்டைக் கவிழ்த்து உதறிப் பார்க்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.)

கதிர்: சொல்லலாமா, வில்லியம்ஸ்?

பெரியப்பா: வாயை மூடு. தலைமை என்றால் நெருக்கடியில் முடிவெடுக்கத் தெரிய வேண்டும். அந்த ஏசி ரிமோட்டில் இருப்பதை உருவி இதில் போடு.

கதிர்: ஏசி ரிமோட் என்ன தப்பு செய்தது?

பெரியப்பா: சார்ஜென்ட் என்ன தப்பு செய்தார்? போடுடா!

(டிவி உயிர் பெறுகிறது. ஐந்து சிவப்பு விளக்குகளும் அணைந்து வண்டிகள் பாய்கின்றன. இரண்டாவது திருப்பம் வருவதற்குள் உள் அறையிலிருந்து பெரியம்மாவின் குரல்: “ஏசி பதினாறில் நிற்கிறது, உடம்பு நடுங்குகிறது! இந்த ரிமோட்டில் இருந்த பேட்டரியை எடுத்தது யார்?”)

பெரியப்பா: (நோட்டை மெதுவாகக் கதிரின் மடியில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி) அந்த முடிவை எடுத்த மேனேஜர் நேற்றே ராஜினாமா செய்துவிட்டார் என்று போய்ச் சொல்.