போதையைத் தீர்மானிப்பது மருந்து மட்டுமல்ல
‘போதைப்பொருள் மூளைக்குள் போன பிறகு பண்பாட்டுக்கு அங்கே வேலையே இல்லை’ என்று போதைப் பழக்கத்தைப் பற்றிய ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கிழக்கு பொலிவியாவின் காம்பா மக்களை 1950களில் ட்வைட் ஹீத் என்ற மானிடவியலாளர் ஆராய்ந்தார். அவர்கள் குடித்தது 89 சதவீத ஆல்கஹால் கொண்ட கரும்புச் சாராயம், தொண்டையை எரித்துவிடும் சரக்கு. ஆனால் யாரும் தனியாகக் குடிக்க மாட்டார்கள். ஒரே கோப்பைதான். ஒருவர் அதை நிரப்பி, இன்னொருவரை வாழ்த்தி, பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவரிடம் நீட்டுவார். வாங்கியவர் அதை முடித்துவிட்டு அடுத்த ஆளைத் தேர்ந்தெடுப்பார். விழா என்றால் இது விடிய விடிய நடக்கும், மயங்கி விழுவதும் உண்டு. அடிதடி கிடையாது, குடிக்கு அடிமையானவர்களும் இல்லை என்று ஹீத் பதிவு செய்தார். ‘சாராயம் வேறு, ஹெராயின் வேறு’ என்று அந்தக் கட்டுரைக்கான பின்னூட்டத்தில் ஒரு நண்பர் சொல்கிறார். சரி, ஹெராயினையே எடுத்துக்கொள்வோம். 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளரின் குழு பின்தொடர்ந்தது. அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தவர்களில், நாடு திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். போர், சலிப்பு, கைக்கெட்டும் தூரத்தில் மலிவான தூள், எல்லாமே ஊர் திரும்பியதும் விலகிவிட்டன. உடலில் நடப்பதை நான் மறுக்கவில்லை, மாத்திரையும் தேவைதான். ஆனால் சிகிச்சை முடிந்தவரை அதே அறைக்கு, அதே கூட்டாளிகளிடமே திருப்பி அனுப்புகிறோமே, அதைப் பற்றி இவ்வளவு நீண்ட கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருக்கிறது.